சீஃப்... ப்ளீஸ்!

"நீங்கள் கேள்விப்பட்டதிலேயே விசித்திரமான பொதுத்தேர்தல் எது?" என்று சென்ற இதழில் ஒருவர் கேட்டிருந்தார். "சார்க் தீவு, 2008" என்று மூன்றே சொல்லில் பதில் எழுதித் தப்பித்துக்கொண்டேன். தபால்காரர் தப்பவிடவில்லை. வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த மூன்று சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. ஆகவே இந்த வாரம் முழுக்கத் தீவுச் சமாச்சாரம்தான். சினிமாக் கேள்விகள் வரிசையில் நிற்கட்டும், அவற்றுக்குப் பழக்கம்தான்.

கே: 'சார்க்' என்றால் தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு அல்லவா? அது எப்போது தீவாயிற்று?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மன்னார்குடி

ப: அது வேறு சார்க், சார். அதில் எட்டு நாடுகள். தலைவர்கள் கடைசியாக ஒன்றுகூடி மாநாடு நடத்தியது 2014இல். நான் சொன்னது ஆங்கிலக் கால்வாயில், பிரான்சின் நார்மண்டிக் கரைக்குச் சற்று மேற்கே நிற்கும் ஐந்தரைச் சதுர கிலோமீட்டர் பாறைத் தீவு. 2008இல் ஜனத்தொகை சுமார் அறுநூறு. அந்தச் சார்க்கில் கூட்டமே கூட்ட முடியவில்லை. இந்தச் சார்க்கில் 2008 டிசம்பர் 10ஆம் தேதி பொதுத்தேர்தலே நடத்திவிட்டார்கள். உறுப்பினர் இடங்கள் எல்லாவற்றுக்கும் ஊரே சேர்ந்து ஓட்டுப் போட்டது தீவின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

கே: அது தனி நாடா, பிரிட்டனின் ஒரு பகுதியா? ஒரே வார்த்தையில் சொல்லவும்.
– கல்லூரி மாணவி, காரைக்குடி

ப: இல்லை.

(இரண்டுக்கும் சேர்த்துத்தான் அந்த ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் மகுடத்துக்குச் சொந்தம். பிரிட்டன் என்ற நாட்டுக்குள் அடக்கமில்லை. பக்கத்துக் கெர்ன்சித் தீவின் நிர்வாக வட்டத்தில் இருக்கிறது. ஆனால் தன் சட்டத்தைத் தானே இயற்றிக்கொள்கிறது. வருமான வரி உண்டா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். அதற்கும் ஒரே வார்த்தை: கிடையாது.)

கே: 2008 வரை தேர்தலே இல்லாமல் எப்படிக் காலந்தள்ளினார்கள்?
– ஜவுளி வியாபாரி, ஈரோடு

ப: நிலப் பத்திரத்தை வைத்து.

1565இல் முதலாம் எலிசபெத் ராணி, ஜெர்சித் தீவைச் சேர்ந்த ஹெலியர் டி கார்டரெட் என்ற பிரபுவிடம் இந்தத் தீவைக் கொடுத்தார். ஒரே நிபந்தனை: கடற்கொள்ளைக்காரர்கள் வந்து குடியேறிவிடாமல் காக்க, எப்போதும் நாற்பது ஆண்கள் ஆயுதத்தோடு தயாராக இருக்க வேண்டும். பிரபு கணக்காகத் தீவை நாற்பது பண்ணைகளாகக் கூறுபோட்டார். பண்ணைக்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஒரு துப்பாக்கி.

கொள்ளைக்காரர்கள் ஒழிந்தார்கள், துப்பாக்கி துருப்பிடித்தது, பண்ணைக்காரர்களின் நாற்காலி மட்டும் துருப்பிடிக்கவில்லை. பண்ணை யாருடையதோ அவருக்குச் சட்டசபையில் இடம். 1922இல் மனமிரங்கி, ஊர்ஜனங்கள் தேர்ந்தெடுக்கும் பன்னிரண்டு பேரையும் உள்ளே விட்டார்கள். ஆக, பத்திரத்துக்கு நாற்பது இடம், ஜனத்துக்குப் பன்னிரண்டு. 'ஐரோப்பாவின் கடைசி ஜமீன்' என்று பத்திரிகைக்காரர்கள் எழுதியது சும்மா இல்லை.

கே: அந்தப் பிரபு மகுடத்துக்கு எவ்வளவு குத்தகை கட்டுகிறார்?
– தாலுகா ஆபீஸ் ஊழியர், அறந்தாங்கி

ப: வருஷத்துக்கு 1 பவுண்டு 79 பென்ஸ். நிலுவை வைத்திருக்க மாட்டார் என்று நம்பலாம்.

அவருக்குப் பட்டம் 'சென்யூர்'. குத்தகை குறைவென்றாலும் கௌரவத்துக்குக் குறைவில்லை. தீவில் புறா வளர்க்கும் உரிமை அவருக்கு மட்டும். கருத்தடை செய்யாத பெண் நாயை வளர்க்கும் உரிமையும் நெடுங்காலம் அவருக்கு மட்டும். கரையொதுங்கும் பொருள் அவருடையது. யாராவது நிலம் விற்றால் விலையில் பதின்மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. அந்தக் கடைசி உரிமை இப்போது இல்லை. 2008இல் பட்டத்தில் இருந்த மைக்கேல் போமான்ட், பாட்டியிடமிருந்து தீவைப் பெறுவதற்கு முன் இங்கிலாந்தில் விமானப் பொறியாளராக வேலை பார்த்தவர். விமானமே இறங்காத தீவுக்குத் தலைவரானார்.

கே: சட்டசபைக்குப் பெயர் உண்டா?
– இல்லத்தரசி, பாளையங்கோட்டை

ப: உண்டு. 'சீஃப் ப்ளீஸ்'. பழைய நீதிமன்றப் பிரெஞ்சு வழியாக வந்த பெயர். வழக்குகளைக் கேட்கும் தலைமைச் சபை என்று பொருள். ஆனால் தமிழ்க் காதில் விழும்போது வேறு அர்த்தம் கிடைக்கிறது: "சீஃப்... ப்ளீஸ்!" நானூற்று நாற்பது வருஷம் ஒரு சீமானின் முன்னால் கைகட்டி நின்ற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை யோசித்துப் பார்த்தும் கிடைக்கவில்லை.

கே: பெண்கள் யாராவது அந்தப் பட்டத்தில் இருந்ததுண்டா?
– மகளிர் சுயஉதவிக் குழு, தேனி

ப: அமர்க்களமாக இருந்தார் ஒருவர். சிபில் ஹாத்தவே, 1927 முதல் 1974 வரை. மேலே சொன்ன பாட்டி இவர்தான். 1940இல் ஜெர்மன் படை வந்து இறங்கியபோது ஊரைவிட்டு ஓடாமல், வந்த அதிகாரிகளை வரவேற்பறையின் கோடியில் உட்கார்ந்தபடி எதிர்கொண்டவர். அவ்வளவு தூரம் நடந்துவந்துதான் பேச வேண்டும். ஆக்கிரமிக்க வந்தவன் விருந்தாளி மாதிரி கூனிக்குறுக வேண்டும் என்பது அம்மையாரின் கணக்கு.

தீவுச் சட்டத்தின் கூத்து என்னவென்றால், இவர் மறுமணம் செய்துகொண்டதும் கணவருக்கும் 'சென்யூர்' பட்டம் தானாக வந்துவிட்டது. மாப்பிள்ளைக்குச் சீராக ஒரு தீவு!

கே: யாருடைய போராட்டத்தால் தேர்தல் வந்தது? உண்ணாவிரதம், ஊர்வலம் ஏதாவது?
– தொழிற்சங்கத் தோழர், நெய்வேலி

ப: தோழர், உட்கார்ந்துகொண்டு படியுங்கள். இரண்டு கோடீஸ்வரர்கள் போட்ட வழக்குகள் அதில் பெரும் பங்கு வகித்தன.

டேவிட் பார்க்லே, ஃபிரெடரிக் பார்க்லே என்ற இரட்டைச் சகோதரர்கள். லண்டன் ரிட்ஸ் ஹோட்டலும் 'டெய்லி டெலிகிராஃப்' பத்திரிகையும் அப்போது அவர்கள் கையில். 1993இல் சார்க்கை ஒட்டியுள்ள பிரெக்கூ என்ற குட்டித்தீவை வாங்கி, அதில் கோபுரம் வைத்த கோட்டையே கட்டினார்கள். கட்டியபிறகுதான் தெரிந்தது: தீவுச் சட்டப்படி சொத்து மூத்த மகனுக்கே போகும், பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதிவைக்க முடியாது. சகோதரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1999இல் வாரிசுச் சட்டம் மாறிற்று. பெண்களுக்கும் சொத்தில் வழி பிறந்தது.

அதோடு விட்டார்களா? ஓட்டு வாங்காதவர்கள் சட்டம் இயற்றுவது ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கைக்கு முரண் என்ற நெருக்கடி எல்லாத் திசையிலிருந்தும் இறுகிற்று. கடைசியில் 2008 ஏப்ரலில், லண்டன் பிரிவி கவுன்சில் புதிய சட்டத்துக்கு முத்திரை குத்தியது. பண்ணைக்காரர்களின் நாற்காலி போயிற்று. 28 இடங்களுக்கும் தேர்தல்.

கே: பார்க்லே என்றால் அந்த பேங்க்காரர்களா?
– கணக்காளர், சிவகாசி

ப: சம்பந்தமே இல்லை. பேங்க்காரர்கள் கடன் கொடுத்துப் பகையைச் சம்பாதிப்பவர்கள். இவர்கள் வழக்குப் போட்டுச் சம்பாதித்தார்கள்.

கே: அப்படியானால் ஜனநாயகத்தின் காவலர்கள் என்று அவர்களுக்குச் சிலை வைக்க வேண்டாமா?
– வழக்கறிஞர், மதுரை

ப: வைக்கலாம்; பீடத்தில் இடம் விட்டு வைக்க வேண்டும், மீதிக் கதையையும் செதுக்குவதற்கு. கதவைத் தட்டி உடைத்ததில் அவர்களுக்குப் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் கதவைத் திறந்தவர், உள்ளே யார் வரவேண்டும் என்றும் தானே சொல்ல ஆரம்பித்தால் அதற்குப் பெயர் வாசற்காப்பு.

கே: தேர்தல் புள்ளிவிவரம் கொஞ்சம் கொடுங்கள். எங்கள் டீக்கடையில் பந்தயம்.
– டீக்கடை வாசகர் வட்டம், திண்டுக்கல்

ப: இடங்கள் 28. வேட்பாளர்கள் 57. வாக்காளர்கள் ஐந்நூறுக்கும் குறைவு. அதாவது எட்டு ஒன்பது வாக்காளருக்கு ஒரு வேட்பாளர். உங்கள் கடையில் ஒரே நேரத்தில் எட்டுப் பேர் டீ குடிக்கிறார்கள் என்றால் அதில் ஒருவர் கும்பிடு போட்டுக்கொண்டிருப்பார். வாக்குப் பதிவு நூற்றுக்கு 87. பந்தயத்தில் ஜெயித்தவர் எனக்கும் ஒரு டீ சொல்லவும்.

கே: 28 இடத்துக்கு 28 தொகுதியா? தெருவுக்கு ஒரு தொகுதி வந்துவிடுமே!
– ஊராட்சி எழுத்தர், பண்ருட்டி

ப: தொகுதியே கிடையாது. தீவு முழுவதும் ஒரே தொகுதி. ஓட்டுச்சீட்டில் 57 பெயர். ஒவ்வொருவரும் 28 பேர் வரை குறி போடலாம். நானூறு சொச்சம் சீட்டுதானே, நாழிகையில் எண்ணிவிடலாம் என்று நினைக்காதீர்கள். எல்லாரும் முழுசாகக் குறி போட்டால் பதினோராயிரம் குறிகளைத் தாண்டும்.

இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. உங்களுக்கு உயிரான வேட்பாளர் ஒருவர்தான் என்றால், அவருக்கு மட்டும் குறி போட்டுவிட்டு மீதி 27ஐயும் காலியாக விடுவதே புத்திசாலித்தனம். மற்றவர்களுக்குப் போடும் ஒவ்வொரு குறியும் உங்கள் ஆளுக்குப் போட்டியாக ஏறும். முழு இலையையும் போட்டு, பாயசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்திருப்பது போல.

ஜெயித்த 28 பேரில் அதிக ஓட்டு வாங்கிய 14 பேருக்கு நான்கு வருஷம். அடுத்த 14 பேருக்கு இரண்டு வருஷம். சபை முழுவதும் ஒரே நாளில் கலைந்து போகாமல், பாதிப்பாதியாக மாறிக்கொண்டிருக்க இந்த ஏற்பாடு.

கே: எந்தக் கட்சி ஜெயித்தது?
– கட்சி பேதமில்லாத கட்சிக்காரர், விழுப்புரம்

ப: கட்சியே கிடையாது. எல்லாரும் சுயேச்சை. ஆனால் கோஷ்டி இல்லை என்று நான் சொல்லவில்லை. அறுநூறு பேர் உள்ள ஊரில் கட்சி இல்லாமல் இருக்கலாம். கோஷ்டி இல்லாமல் இருக்க முடியுமா?

கே: பிரசார வேன் ஓடியதா? மைக் செட்?
– ஒலிபெருக்கி உரிமையாளர், துறையூர்

ப: சார்க்கில் காரே கிடையாது, தடை. சைக்கிள், குதிரை வண்டி, டிராக்டர், மிஞ்சினால் நடை. ஆம்புலன்ஸையும் தீயணைப்பு வண்டியையும்கூட டிராக்டர்தான் இழுத்துக்கொண்டு போகும். வேட்பாளர் வாக்காளரைத் தேடிப் போக வேண்டியதில்லை. ரொட்டிக் கடையில் எப்படியும் முகத்தில் முட்டிக்கொள்வார்கள். நம் வேட்பாளர்கள் வேனில் நின்று கையாட்டுவதற்குள் ஊர் முடிந்துவிடும்.

கே: ஓட்டுக்குப் பணம் கொடுத்தார்களா? உண்மையைச் சொல்லவும்.
– பெயர் வெளியிட விரும்பாதவர், திருமங்கலம்

ப: பணம் கைமாறியதாக எவரும் சொல்லவில்லை. சார்க்கில் நடந்தது நேர்மாறு: ஓட்டுப் போட்டதற்காக வருமானம் போயிற்று.

அந்தக் காலத்துக்குள் பார்க்லே தரப்பு சார்க்கில் ஹோட்டல், கடை, கட்டட வேலை என்று நிறைய வாங்கிப் போட்டிருந்தது. தேர்தல் நெருங்கியதும், யார் வந்தால் தீவுக்கு நல்லது, யார் வந்தால் கேடு என்று பெயர் போட்டே அந்தத் தரப்பு பட்டியல் வெளியிட்டது. வாக்காளர்கள் பட்டியலை மரியாதையாக வாங்கிப் படித்தார்கள். படித்துவிட்டு, நல்லவர் என்று சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோரைத் தோற்கடித்தார்கள். கேடு என்று சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோரை ஜெயிக்கவைத்தார்கள்.

முடிவு வந்த கையோடு ஹோட்டல்கள் மூடப்பட்டன. கடைகள் மூடப்பட்டன. கட்டட வேலை நின்றது. அறுநூறு பேர் உள்ள ஊரில் நூறு பேருக்கு மேல் வேலை போயிற்று. சுமார் 140 என்று அன்றைய செய்திகள். கிறிஸ்துமஸுக்கு இரண்டே வாரம். 'எங்கள் முதலீடு வேண்டாம் என்று ஜனங்கள் சொல்லிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பை மதிக்கிறோம்' என்பதுதான் மூடியவர்கள் தரப்பு விளக்கம். மதிப்பதில் இப்படியும் ஒரு வகை இருக்கிறது. சில வாரங்களில் மறுபடி திறக்கத் தொடங்கினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கே: பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு ஓட்டுப் போடுவது அசட்டுத்தனம் இல்லையா? கொஞ்சம் வளைந்து கொடுத்திருக்கலாமே!
– நடைமுறைவாதி, கோயம்புத்தூர்

ப: இந்தக் கேள்விக்காகத்தான் இந்த வாரப் பக்கத்தையே ஒதுக்கினேன்.

முதலில் உங்கள் பக்க நியாயம். வேலை போனவர்களில் பலர் அன்று எப்படி ஓட்டுப் போட்டார்களோ, யார் கண்டது? பட்டியல்படியே போட்டவர்களும் அதில் இருந்திருப்பார்கள். சென்யூர் குடும்பத்தின் மேல் பாசம் வைத்து ஓட்டுப் போட்டவரும் உண்டு. பழைய பண்ணைக்காரர் சிலர் புதிய தேர்தலில் நின்று ஜெயித்துத் திரும்ப வந்தார்கள். இது ஏழை-பணக்காரன் சினிமா இல்லை. பழைய பணம் ஒரு பக்கம், புதுப் பணம் ஒரு பக்கம், நடுவில் சம்பளக்காரன் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

ஆனாலும் யோசியுங்கள். நாற்பது லட்சம் வாக்காளரில் ஒருவராக இருப்பவர் தப்பாகவோ சரியாகவோ ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். ஒருவர் ஓட்டால் ஒன்றும் ஆகிவிடாது என்ற சௌகரியம் அவருக்கு இருக்கிறது. நானூறு பேரில் ஒருவருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. தேர்தல் பார்க்லே தரப்பு நினைத்தபடி போகாவிட்டால் என்ன ஆகும் என்று முன்பே ஜாடை காட்டப்பட்டிருந்தது. தெரிந்தும் போட்டார்கள். சரியான ஆளுக்குப் போட்டார்களா என்பது வேறு விவாதம். தங்கள் ஓட்டைத் தாங்களே போட்டார்கள் என்பதுதான் இதில் விஷயம். முதல் தடவையாக முழுசாகக் கையில் கிடைத்ததை அன்றே அடகு வைக்க மனம் வரவில்லை போலும்.

கே: இவ்வளவு சின்ன ஊரில் ரகசிய வாக்கெடுப்பு சாத்தியமா?
– தேர்தல் பணியில் அவதிப்பட்ட ஆசிரியை, நாமக்கல்

ப: சீட்டு ரகசியம்தான். முகம்தான் ரகசியமில்லை. எண்ணிக்கை முடிந்த அன்றிரவு ஒவ்வொரு வேட்பாளரும் விரல்விட்டுக் கணக்குப் பார்க்கலாம்: வாக்குக் கொடுத்தவர் எத்தனை பேர், வாக்குப் போட்டவர் எத்தனை பேர். மறுநாள் கடையில் கண்ணைப் பார்க்காமல் பால் வாங்கிக்கொண்டு நழுவுகிறவர்தான் அந்த வித்தியாசம்.

கே: தேர்தல் கலவரம் வந்தால் போலீஸ் போதுமா?
– காவல்துறை ஓய்வு, வேலூர்

ப: ஊர்க்காவலுக்குச் சீஃப் ப்ளீஸ் சபை ஊர்க்காரர்களிலேயே ஆள் நியமிக்கும். சிறைச்சாலை 1856இல் கட்டியது. இரண்டே அறை, ஜன்னல் கிடையாது. மூன்றாவது கலவரக்காரர் தன் முறை வரும்வரை வெளியே காத்திருக்க வேண்டும்.

கேலி செய்யாதீர்கள். 1990இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர், வேலையில்லாத அணு விஞ்ஞானி, துப்பாக்கியோடு வந்து இறங்கி, மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குத் தீவைக் கைப்பற்றப்போவதாக அறிவிப்பு ஒட்டினார். சொன்ன நேரம் வரட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார். ஊர்க் காவலர் போய்ப் பக்கத்தில் நின்று துப்பாக்கியைப் புகழ்ந்து பேசி, அசந்த நேரத்தில் மடக்கிவிட்டார். ஜெர்மன் ராணுவம் பிடித்ததைத் தனியொருவரும் பிடிக்கலாம் என்று அவர் போட்ட கணக்கில் ஒரே பிழை, நேரம் தவறாமை.

கே: தோற்ற வேட்பாளர் எங்கே வழக்குப் போடுவார்?
– சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி

ப: தேர்தல் வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். சார்க்கில் வழக்கறிஞர் வேண்டாத ஒரு தடையாணை இருக்கிறது, தெரியுமா? 'கிளாமர் டி ஹாரோ' என்று பெயர். பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் உரிமையில் கைவைக்கிறார் என்றால், சாட்சிகள் முன்னால் மண்டியிட்டு, "இளவரசே, காப்பாற்றுங்கள், எனக்கு அநியாயம் நடக்கிறது" என்று பிரெஞ்சு மொழியில் கூவி, ஜெபம் சொல்ல வேண்டும். அந்தக் கணமே எதிராளி வேலையை நிறுத்தியாக வேண்டும். 1970இல் ஒரு தோட்டச் சுவர் இப்படி நின்றுபோனது. 'சீஃப் ப்ளீஸ்' சபையின் பெயருக்கு நான் கொடுத்த வியாக்கியானம் அவ்வளவு தப்பில்லை, பார்த்தீர்களா?

கே: பார்க்லே வழக்குகள் கடைசியில் என்ன ஆயின?
– நீதிமன்ற எழுத்தர், தஞ்சாவூர்

ப: பாதிக் காய், பாதிப் பழம். சபைக்குத் தலைமை தாங்கும் செனஷல் என்பவரே தீவின் நீதிபதியாகவும் இருந்தார். சட்டம் போடுகிற இடத்திலும் அவரே, தீர்ப்பு சொல்கிற இடத்திலும் அவரே என்பது நியாயமான விசாரணைக்கு ஒவ்வாது என்று 2008 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிற்று. பிறகு அந்த இரண்டு பதவியும் பிரிக்கப்பட்டன. ஆனால் சென்யூர் போன்ற, ஓட்டு வாங்காதவர்கள் சபையில் உட்காரவே கூடாது என்ற வாதம் எடுபடவில்லை. பெரும்பான்மையைத் தேர்ந்தெடுப்பது ஜனங்கள்தானே என்று 2009இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளிவிட்டது.

கே: அங்கே சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது? எல்.டி.சி. கிடைக்குமா?
– வங்கி ஊழியர், ராமேஸ்வரம்

ப: எல்.டி.சி. பற்றி உங்கள் மேலாளரிடம் கேளுங்கள். பார்க்க வேண்டியது 'லா கூப்பே'. பெரிய சார்க்கையும் சின்ன சார்க்கையும் இணைக்கும் மலைமுகடு. மூன்று மீட்டர் அகலப் பாதை. இரண்டு பக்கமும் சுமார் எண்பது மீட்டர் பாதாளம், கீழே கடல். 1900இல் கம்பித் தடுப்பு வரும்வரை, காற்றடிக்கும் நாட்களில் சின்ன சார்க்குப் பிள்ளைகள் கைகளை ஊன்றித் தவழ்ந்தே கடந்து பள்ளிக்கூடம் போனார்களாம். இப்போதுள்ள சிமெண்டுப் பாதையை 1945இல் ஜெர்மன் போர்க் கைதிகள் போட்டார்கள். ஆக்கிரமிக்க வந்தவர்களை வைத்தே ரோடு போட்டுக்கொண்டது சாமர்த்தியம்தான்.

கே: இவ்வளவு பாடுபட்டு வாங்கிய ஜனநாயகம் இப்போது செழிப்பாக இருக்கிறதா?
– நம்பிக்கைவாதி, கும்பகோணம்

ப: உங்களை ஏமாற்ற வேண்டியிருக்கிறது. 2008இல் 28 நாற்காலிக்கு 57 பேர் முட்டிமோதினார்கள். பிறகு வந்த தேர்தல்கள் சிலவற்றில் நாற்காலிகளை நிரப்பவே ஆள் தேறவில்லை. போட்டியில்லை என்றால் ஓட்டெடுப்பும் இல்லை. மனுப் போட்டவர் எல்லாரும் உறுப்பினர். கடைசியில் சபையையே 28லிருந்து 18ஆகச் சுருக்கினார்கள்.

காரணம் மர்மமில்லை. உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது. குப்பை, ரோடு, மின்கட்டணம், பள்ளிக்கூடம் என்று குழு மேல் குழு. இருக்கிற சில நூறு பேரே எல்லாக் குழுவிலும் சுற்றிச் சுற்றி உட்கார வேண்டும். 2008இல் எதிரே ஒரு கோட்டை தெரிந்தது. எதிர்த்து நிற்க எல்லாருக்கும் வேகம் வந்தது. கோட்டைக்கு எதிராக ஐம்பது பேர் கிடைப்பார்கள். குப்பைக்கு எதிராக ஐந்து பேர் கிடைப்பது கஷ்டம். ஓட்டுரிமையைப் பறிக்க நாற்பது பண்ணைக்காரர் தேவையில்லை, ஐயா. சலிப்பு ஒன்றே போதும்.

கே: நாற்காலி காலியாக இருக்கிறது என்கிறீர்களே... நான் போய் நிற்கலாமா?
– மூன்று முறை டெபாசிட் இழந்தவர், கடலூர்

ப: முதலில் குடியேறி, ஊர்க்காரர் ஆகி, வாக்காளர் பட்டியலில் ஏற வேண்டும். விமானம் கிடையாது, கெர்ன்சியிலிருந்து படகு, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவிடும். இறங்கியதும் கார் கிடையாது. ஜெயித்தால் சம்பளம் கிடையாது. தோற்றால் ஊரைவிட்டு ஒளிய இடம் கிடையாது. யார் ஓட்டுப் போடவில்லையோ அவரிடம்தான் டிராக்டர் இரவல் கேட்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. தீவில் தெருவிளக்கும் கிடையாது. அந்த இருட்டுக்காகவே 2011இல் 'இருண்ட வானத் தீவு' என்று உலகிலேயே முதல் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். நட்சத்திரம் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஊர்க்காரர்கள் சபைக்கூட்டம் முடிந்து இருட்டில்தான் வீட்டுக்கு நடக்க வேண்டும். ஆகவே அறிக்கை, மாலை, கரைவேட்டி எல்லாவற்றையும் கடலூரிலேயே வைத்துவிட்டு, ஒரு டார்ச் லைட் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னமாகக் கேட்பதற்கு இல்லை; வீடு போய்ச் சேர்வதற்கு.